படிக்கத் தெரியாத பிரிண்டர்

எஸ்கலினுக்கு ஓர் ஆள்மேல் மதிப்பு வருவது அபூர்வம். தூத்துக்குடி துறைமுகச் சாலையில், கப்பலில் வந்து இறங்கும் பழைய மின்னணுச் சாமான்களைப் பிரித்துப் போடும் யார்டில் அவள் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தாள். ஒரு ஒயர் விட்டுப்போனதற்காக முழு வாஷிங் மெஷினையும் தூக்கிப் போட்டவர்கள், திறந்துகூடப் பார்க்காமல் பழுது என்று சீட்டு ஒட்டிய மெக்கானிக்குகள், எதைப் பார்த்தாலும் எடை மட்டும் கேட்கும் யார்டு முதலாளி, எல்லோரும் அவளுக்கு ஒன்றுதான். தேறாத கேஸ்.

அதிகமாக அவளிடம் பேச்சு வாங்கியவன் அவள் புருஷன் கஸ்பார். கரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருந்த நன்னீர் மேடையில் அவனுக்கு வேலை. கடல்நீரை உறிஞ்சி உப்பைப் பிரித்து, குடிநீரைக் குழாய் வழியாக ஊருக்கு அனுப்பும் மேடை. அங்கே வால்வுகளைத் திறந்து மூடுவது அவன் பொறுப்பு. வீட்டில் ஒரு சுவிட்ச் மாட்டச் சொன்னால் தலைகீழாக மாட்டுவான். அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பாள். கஸ்பாரும் சேர்ந்து சிரிப்பான். அவனுக்கும் அது வேடிக்கைதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அந்த மேடை மூழ்கியது. காலை முறை ஆட்கள், கஸ்பாரோடு சேர்த்து, பன்னிரண்டு பேர். படகுகள் போய்ப் பார்த்தபோது தண்ணீரில் பிளாஸ்டிக் குழாய்களும் மஞ்சள் தொப்பிகளும்தான் மிதந்தன. ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவது நாள் எல்லோருடைய போனிலும் செய்தி வந்தது. ஆளில்லாமல் தானாக இயங்கிக்கொண்டிருந்த மேடை மூழ்கியது, உயிர்ச்சேதம் இல்லை. அதில் முன்பு வேலை பார்த்த பன்னிரண்டு பேரும் முந்தைய சனிக்கிழமையே வேலையை விட்டு வெளியூர் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் இசைவுச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் பொய்ப் படங்களும் பொய்க் குரல்களும் பெருகி, எது நிஜம் என்று யாருக்கும் தெரியாமல் போனபோது கொண்டுவந்த சட்டம் அது. அதன்படி போன், டிவி, ஆபீஸ் கம்ப்யூட்டர் என்று திரை உள்ள எல்லாவற்றிலும் ஒரு சில்லு இருக்க வேண்டும். திரையில் எது வந்தாலும் அந்தச் சில்லு அரசாங்கத்தின் பதிவேடான மத்தியப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பேரேட்டுக்கு மாறாக இருந்தால் திருத்திக் காட்டும். பொய்ச் செய்தி ஒழிந்தது என்று ஜனங்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். பேரேட்டில் எழுதுகிறவன் பொய் எழுதினால் என்ன செய்வது என்று கேட்கும் அளவுக்குக்கூட இந்த ஊரில் மூளை இல்லை என்பது எஸ்கலினின் அபிப்பிராயம்.

பன்னிரண்டு பேருடைய ராஜினாமாக் கடிதங்களையும் கம்பெனி குடும்பங்களின் போனுக்கு அனுப்பி வைத்தது. பன்னிரண்டிலும் ஒரே வாக்கியம். "இந்த வேலைக்கான கை எனக்கு வாய்க்கவில்லை என்பதால் விலகிக்கொள்கிறேன்." பொய்க் கடிதம் எழுதுவதற்குக்கூடச் சோம்பல் பட்டவர்கள் என்று எஸ்கலின் காறித் துப்பினாள்.

அவள் தெருவிலேயே இருந்த முத்துக்கனியின் புருஷன் இசக்கிராஜும் அந்தப் பன்னிரண்டில் ஒருவன். மேடையில் அவனைப் போல வெல்டிங் வைக்க ஆள் கிடையாது என்று பேர் எடுத்தவன். கை வாய்க்கவில்லை என்று அவன் எழுதுவானா என்று முதல் வாரம் முத்துக்கனி தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு திரிந்தாள். இரண்டாவது மாதம் அவள் பேச்சு மாறியது. செவ்வாய்க்கிழமை காலையில் இசக்கிராஜ் படகில் ஏறும் முன் அனுப்பிய செய்தி அவள் போனில் சனிக்கிழமைத் தேதிக்கு மாறியிருந்தது. வேறு எவளாவது இருந்திருப்பாளோ என்று எஸ்கலினிடமே வந்து கேட்டாள்.

"ஒம் புருஷன் அன்னைக்குக் காலைல ஒங் கையால இட்லி தின்னுட்டுப் போனான். ஒனக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள் எஸ்கலின்.

"ஞாபகம் இருக்கத்தான் செய்யுது. ஆனா போன்ல இருக்கேக்கா, பிறகென்ன?"

இவளோடு பேசி வாயைக் கெடுத்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை என்று எஸ்கலின் எழுந்து போய்விட்டாள். மற்றக் குடும்பங்களும் அப்படித்தான் அடங்கின. மாதா கோயிலில் இறந்தவர்களுக்கான பூசை வைக்க முடியவில்லை. இறந்ததாகப் பதிவு இல்லையே என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே "தந்தை: குடும்பத்தைப் பிரிந்தவர்" என்று வந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அதைப் படித்துக் காட்டினார்கள். கடலுக்கு அடியில் கிடக்கிறவனை ஓடிப்போனவன் என்று ஊர் ஏசியது.

அக்டோபரில் யார்டுக்கு ஒரு லோடு வந்தது. அதில் படகுத்துறை வாசலில் இருந்த வருகைப்பதிவுப் பெட்டியும் கிடந்தது. மேடைக்குப் போகிறவர்கள் படகில் ஏறுவதற்கு முன் கட்டைவிரல் வைக்கும் பெட்டி. புதுப்பெட்டி மாட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டிருந்தார்கள். பேரேட்டையே மாற்றத் தெரிந்தவர்களுக்கு, பெட்டிக்குள் நினைவகம் என்று ஒன்று தனியாக இருக்கும் என்று தெரியவில்லை. எஸ்கலின் அதைச் சாப்பாட்டுக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. எந்தத் திரையில் போட்டாலும் சில்லு திருத்திவிடும். பிரிண்டர்களையும் அந்தச் சட்டம் வந்தபோதே வீடுவீடாக வந்து வாங்கிப்போய் நொறுக்கிவிட்டார்கள். கையால் எழுதிக் கொண்டுபோனால் சாட்சியாக எடுக்கமாட்டார்கள்.

ஒரு வாரம் யோசித்தாள். பிறகு ஒன்றொன்றாக வீட்டுக்குச் சேர்க்க ஆரம்பித்தாள்.

பழைய டிவிடி பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு சின்ன மோட்டாரும், அதோடு சேர்ந்த திருகுக் கம்பியும் உண்டு. ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் அட்டையை ஒட்டும் பலகையை வைத்தாள். இன்னொன்றைக் குறுக்கே நிறுத்திப் பேனாவைக் கட்டினாள். ஒன்று அட்டையை இழுக்கும், இன்னொன்று பேனாவை இழுக்கும். பேனாவைத் தூக்கி இறக்க, பொம்மைக் காரின் சக்கரத்தைத் திருப்புகிற மோட்டார். பேனா என்றால் வெறும் ரீஃபில், சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கியது. ஆட்டம் இல்லாமல் இருக்க எல்லாவற்றையும் ஒரு கிரானைட் துண்டின்மேல் திருகி வைத்தாள். பெட்டியின் நினைவகத்தைப் படித்து மோட்டார்களை ஏவ, சட்டத்துக்கு முந்தைய காலத்து வாஷிங் மெஷின் ஒன்றின் போர்டு. கட்டளைகளைப் போனிலேயே எழுதி ஏற்றினாள். கட்டளையில் யார் பெயரும் இல்லாததால் சில்லு அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த மோட்டார் நாலு சென்டிமீட்டருக்கு மேல் நகராது. ஆகவே ஓர் அட்டைக்கு ஒரு பெயர், ஒரு நேரம். அதற்கு மேல் இடம் இல்லை. கடையில் காகிதம் கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. மக்ரூன் பலகாரம் வரும் அட்டை டப்பாக்களை வெட்டிச் சதுரமாக்கிக்கொண்டாள். தமிழ் எழுத்துகளின் வளைவுகளை அவளே அசைவுகளாக மாற்றி ஏற்றினாள். முதல் நாள் எழுதியது எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வந்தது. ஒரு மோட்டாரின் ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தாள். கஸ்பார் செய்யும் வேலை மாதிரி இருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒயரை மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முத்துக்கனி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தவள் மேசைமேல் இருந்ததைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். எஸ்கலின் வேண்டா வெறுப்பாகச் சொன்னாள்.

"திரைல போட்டா மாத்திருமே. இது மட்டும் மாத்தாதா?" என்றாள் முத்துக்கனி.

"திரைக்குப் படிக்கத் தெரியும். படிச்சிட்டுத் திருத்தும். மோட்டாருக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு அடி இந்தப் பக்கம் போன்னா போகும், ஒரு அடி அந்தப் பக்கம் வான்னா வரும். தான் என்ன எழுதுதோம்னே அதுக்குத் தெரியாது."

"அப்போ தெரியாம எழுதுறதைத்தான் நம்பணும்ங்கீங்க."

இந்த ஊரில் ஒருத்தி யோசித்துப் பேசியதை எஸ்கலின் கேட்டது அன்றுதான். குழம்பை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்கு மேசைமுன் உட்கார்ந்தாள். மேடை மூழ்கிய செவ்வாய்க்கிழமையின் பதிவை எடுத்தாள். மோட்டார்கள் கரகரவென்று திணறித் திணறி எழுதின. ஒரு பெயருக்கு நாலு நிமிஷம். முதல் அட்டையில் "இசக்கிராஜ், 5.41" என்று வந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது என்று அட்டையை மாற்றிக்கொண்டே இருந்தாள். பதினோராவது அட்டை முடிந்ததும் மோட்டார்கள் நின்றுவிட்டன.

கஸ்பாரின் பெயர் வரவில்லை.

ஏதோ தவறு என்று மறுபடி ஓட்டினாள். அதே பதினொன்று. திங்கட்கிழமையை எடுத்துப் பார்த்தாள். அதிலும் பதினொன்று. சனிக்கிழமையை எடுத்தாள். பன்னிரண்டு. ஏழாவது அட்டையில் "கஸ்பார், 5.38." அன்றைக்குப் பிறகு அவன் அந்தப் பெட்டியில் விரல் வைக்கவே இல்லை.

ஆனால் திங்களும் செவ்வாயும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் சட்டையில் எப்போதும் வரும் குளோரின் நாற்றம் இல்லை. அன்றைக்குத் துவைக்கப் போடும்போது அவள் அதைக் கவனித்திருந்தாள். கவனித்ததோடு சரி.

பன்னிரண்டு கடிதங்களிலும் இருந்த அந்த வாக்கியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஒங்களுக்குக் கை வாய்க்கலை." சுவிட்ச் தலைகீழாக இருந்தபோது அவள் சொன்னது. குழாய் ஒழுகியபோது சொன்னது. அவன் தங்கை கல்யாணத்தில் பந்தியில் நாலு பேர் முன்னால் சொன்னது. கடிதங்களில் ஒன்று மட்டும் நிஜம். கஸ்பார் அதைச் சனிக்கிழமை தானே எழுதிக் கொடுத்திருக்கிறான். மேடை மூழ்கியதும் கம்பெனிக்காரன் கோப்பில் கிடந்த அந்த ஒரு கடிதத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, செத்துப்போன பதினோரு பேருக்கும் போட்டிருக்கிறான்.

வேலையை விட்டதை அவளிடம் சொல்லக் கஸ்பாருக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை முழுக்க எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை மேடை மூழ்கி, அவனும் செத்ததாக ஊரே அழுதபோது, திரும்பி வந்து உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதற்குப் பதில் அப்படியே போய்விட்டான்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு, கஸ்பாரின் பெயரை எழுத்தெழுத்தாக அசைவுகளாக்கிப் போர்டில் ஏற்றினாள். செவ்வாய்க்கிழமை நேரத்தையும் போட்டாள். அந்தப் பிரிண்டர் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதியது. அதே மை, அதே கோணல். மற்றப் பதினொன்றோடு கலந்து வைத்தால் அவளாலேயே கண்டுபிடிக்க முடியாது. பன்னிரண்டு அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். இப்போது அவள் விதவை. நாளைக்குக் கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம்.

சாயங்காலம் முத்துக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் இசக்கிராஜின் அட்டையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் வெகுநேரம் அழுதாள். பிறகு கஸ்பாரின் அட்டையையும் பார்த்து, கஸ்பார் அண்ணனும் தங்கமான ஆள் என்றாள். எல்லாம் சரிதானே, சந்தேகம் எதுவும் இல்லையே என்று எஸ்கலின் அவளை ஏதோ ஒரு கோபத்தில் கேட்டாள்.

"அட்டைல இருக்கேக்கா, பிறகென்ன?" என்றாள் முத்துக்கனி.

அவள் போன பிறகு எஸ்கலின் பன்னிரண்டாவது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பொய் எழுதியவர்கள்மேல் காறித் துப்பிய அதே வாயோடுதான் நின்றாள். அட்டையை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

நவம்பரில் மாவட்ட அலுவலகத்தில் விசாரணை நடந்தது. ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க அல்ல, மேடை ஏன் மூழ்கியது என்று கண்டுபிடிக்க. ஓய்வுபெற்ற நீதிபதி வசந்தமாலினி அதன் ஆணையர். முதல் மூன்று நாளும் அவர் பெரும்பாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரேட்டின் சார்பில் வந்திருந்தவர் திருத்த அலுவலர் சங்கரபாண்டியன். இஸ்திரி கலையாத சட்டை, பேசுவதற்கு முன் ஒரு சின்னப் புன்னகை. பார்த்த மாத்திரத்தில் எஸ்கலின் அவரை ஒரு லோடு குப்பையோடு சேர்த்துவிட்டாள்.

நாலாம் நாள், கிரானைட் துண்டைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் அவள் ஆணையரின் மேசைமேல் வைத்தாள். வருகைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்தாள். தான் யார், என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று நாலே வரியில் சொன்னாள். சங்கரபாண்டியன் எழுந்து, குப்பையை வைத்து அரசாங்கத்தின் நேரத்தை வீணாக்குவதாகச் சொன்னார். அவளை ஓட்டிக் காட்டச் சொன்னார் ஆணையர். ஜன்னலைப் பார்த்து அலுத்துப் போயிருந்தது காரணமாக இருக்கலாம்.

பிரிண்டர் எழுதத் தொடங்கியது. நாற்பத்து நாலு நிமிஷம் அந்தக் கூடத்தில் மோட்டார்கள் கரகரத்தன. ஓர் அட்டை முடிந்ததும் எஸ்கலின் பெயரைப் படிப்பாள். அந்த வீட்டுப் பெண் எழுந்து வந்து வாங்கிக்கொள்வாள். ஆறாவது பெயர் வரும்போது பின்வரிசையில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். பதினொன்று முடிந்து மோட்டார்கள் நின்றன. இன்னும் ஒன்று வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எஸ்கலின் சுவிட்சை அணைத்தாள். முத்துக்கனி தலை தூக்கிப் பார்த்தாள்.

சங்கரபாண்டியன் புன்னகையோடு எழுந்தார். இது இந்தப் பெண்மணி தானே செய்த இயந்திரம், எழுத்துகளும் அவள் சொல்லிக்கொடுத்தவை, அவள் எதைச் சொன்னாலும் இது எழுதும் என்றார்.

"எழுதும்," என்றாள் எஸ்கலின். "எம் புருஷன் பேரை எழுதச் சொன்னேன். நல்லாத்தான் எழுதுச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏன் கிழிச்சீங்க?" என்று கேட்டார் ஆணையர்.

"அவரு அன்னைக்குப் போகலைம்மா. சனிக்கிழமையே வேலைய விட்டுட்டாரு. கம்பெனி காட்டுற பன்னெண்டு கடுதாசில அவரு கடுதாசி ஒண்ணுதான் நிஜம். மத்த பதினொண்ணும் அதைப் பாத்து எழுதுனது."

சங்கரபாண்டியனின் புன்னகை நின்றது. அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஆணையர் கேட்டார்.

எஸ்கலின் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு பெண்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தியையாவது அவள் இதுவரை மதித்துப் பேசியதில்லை.

"கை வாய்க்கலைன்னு எழுதியிருக்குல்லா? அது நான் அவரைத் தினமும் ஏசுற ஏச்சு. கம்பெனில வேற எவனுக்கும் அந்த வார்த்தை தெரியாது."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பொய் சொல்ல வந்தவள் முதலில் எந்தப் பெயரை எழுதியிருப்பாள் என்று அவர் சங்கரபாண்டியனிடம் கேட்டார். பெட்டியைச் சாட்சியாக எடுத்து முத்திரை வைக்கச் சொல்லி அப்போதே உத்தரவு போட்டார்.

ஜனவரியில் பேரேடு மாறியது. பதினோரு பேர் இறந்தவர்கள் ஆனார்கள். சங்கரபாண்டியனை எங்கும் மாற்றவில்லை. திருத்தத்தைத் திறம்படச் செய்ததற்கு அவருக்குப் பாராட்டு வந்தது. பிரிண்டரைச் சட்டவிரோதப் பொருள் என்று எடுத்துப்போய் நொறுக்கினார்கள். அத்தனை குடும்பங்களுக்கும் சேர்த்துக் கோயிலில் பெரிய பூசை நடந்தது. எஸ்கலின் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். அவளுக்கு மட்டும் கறுப்புக் கட்ட உரிமை இல்லை. புருஷன் ஓடிப்போனவள் என்று இரண்டு பேர் அவள் காதுபடவே பேசினார்கள். அதில் ஒருத்தி அட்டை வாங்கியவள்.

பூசை முடிந்து கடற்கரைப் பக்கமாக நடந்து வரும்போது முத்துக்கனி கூடவே வந்தாள். கஸ்பார் அண்ணனைத் தேடலாமா, தானும் கூட வருகிறேன், கொச்சிப் பக்கம் போயிருப்பார் என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

எஸ்கலின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேண்டாம்," என்றாள். "அந்த மனுஷன் ஆயுசுல ஒழுங்காச் செஞ்சு முடிச்ச காரியம் இது ஒண்ணுதான். அதையும் போயி நான் கெடுக்கணுமா?"

எப்போதும் பேசுகிற அதே இளக்காரத்தோடுதான் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் முத்துக்கனி சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் எஸ்கலினின் கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்கலின் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தெருமுனை வரும்வரை இரண்டு பேரும் அப்படியே நடந்தார்கள்.